அத்தை எழுதி வைக்காதவை

ஜூன் 2, 2024 – ஞாயிறு

அத்தை போய் இன்றோடு 23 நாள்.

காலையில் ஒரு அம்மா போனில் கூப்பிட்டார். பெயரைச் சொல்லவில்லை, "ஏழாம் வார்டு பேசறேன்" என்றார். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆன பிறகும் வார்டு நம்பர்தான் பெயர் போலிருக்கிறது. அத்தையோடு வேலை பார்த்தவர்கள் சேர்ந்து மாதக் கடைசி ஞாயிறன்று ஒரு நினைவுக் கூட்டம் வைக்கிறார்களாம். "வீட்டுலேர்ந்து ஒருத்தர் பேசணும் தம்பி. ஒரு பக்கம் எழுதிட்டு வாங்க, போதும். எல்லாரும் முட்டி வலிக்காரங்க, ரொம்ப நேரம் உட்கார முடியாது."

சரி என்றேன். உட்கார்ந்து எழுதினேன். பிறந்தது 1953. நர்ஸ் பயிற்சி முடித்தது 1974. வேலையில் சேர்ந்தது 1975, ஓய்வு 2011. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கடைசி வரை எங்கள் வீட்டில் இருந்தார். அவ்வளவுதான், தீர்ந்துவிட்டது. அடுத்த வரியில் 'அர்ப்பணிப்புடன் சேவையாற்றினார்' என்று எழுதினேன். உடனே அடித்தேன். அதை அத்தையிடம் வாசித்துக் காட்டியிருந்தால் "யாருடா அது?" என்றுதான் கேட்டிருப்பார்.

என் தொழில் கணக்குத் தணிக்கை. வவுச்சர் இல்லாத செலவை நான் செலவாக ஏற்பதில்லை. அத்தைக்கும் அதே கட்சிதான். "எழுதலைன்னா செய்யலைன்னு அர்த்தம்" என்பார். நர்ஸிங் படிக்கும்போதே மண்டையில் ஏற்றிவிடுகிற பாடமாம் அது. மருந்து கொடுத்தேன் என்று வாயால் சொன்னால் போதாது, சார்ட்டில் நேரமும் கையெழுத்தும் வேண்டும். என்னைவிட 25 வயது மூத்தவரோடு எனக்கு ஒத்துப்போன விஷயங்கள் குறைவு. இது ஒன்றில் நாங்கள் ஒரே ஜாதி.

அப்படிப்பட்டவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என்னிடம் வவுச்சர் நான்கே நான்குதான் இருக்கிறது.

ஜூன் 4 – செவ்வாய்

அத்தையின் தகரப் பெட்டியைத் திறந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் வாங்கித் துடைத்துத் துடைத்து வைத்தார்.

கட்டு வெட்டுகிற கத்தரிக்கோல் ஒன்று. தோலில் குத்திவிடக் கூடாது என்பதற்காக அதன் ஒரு நுனி மட்டும் உருண்டையாக இருக்கும். ஒரு கண்ணாடி சிரிஞ்ச். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சிரிஞ்சையும் ஊசியையும் கொதிக்க வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள், மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டுவதும் நர்ஸ் வேலையாகத்தான் இருந்தது. சின்ன வயதில் நான் ஊசிக்கு அழுதால், "நான் தீட்டின ஊசியைப் போட்டுக்கிட்டவங்க யாரும் இப்படி அழலை" என்பார். ஒருவேளை அழுதிருப்பார்கள்.

அப்புறம் அந்த வாட்ச். மார்பில் குத்திக்கொள்கிற, தலைகீழாகத் தொங்குகிற வாட்ச். பார்ப்பவர்களுக்குத் தலைகீழ், அவர் குனிந்து பார்த்தால் நேர். கையில் ஏன் கட்டுவதில்லை என்று கேட்டதற்கு மூன்று காரணம் சொல்லியிருக்கிறார்: கையை ஒழுங்காகக் கழுவ முடியாது, பட்டைக்கு அடியில் அழுக்கு தங்கும், நோயாளியைத் தூக்கும்போது தோலைக் கீறும். நொடி முள் இல்லாத வாட்சை அவர் வாட்ச் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்.

பெட்டியின் அடியில் பாக்கெட் நோட்டு 11. மனம் திறந்து ஏதாவது எழுதியிருப்பார் என்று ஆசையோடு புரட்டினேன். எல்லாம் எண்கள். '500 – 4 – 42' என்று ஒரு வரி. இதை அவிழ்க்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. 500 மி.லி. டிரிப்ஸை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். அந்தக் குழாயில் ஒரு மி.லி. என்பது 20 சொட்டு. ஆக 10,000 சொட்டு, 240 நிமிடம். நிமிடத்துக்கு 42 சொட்டு. இப்போது இதற்கு மெஷின் இருக்கிறது. அப்போது மார்பு வாட்சைப் பார்த்தபடி பாட்டிலுக்குக் கீழே நின்று, சொட்டை எண்ணி, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார்கள். நோயாளி கையை மடக்கினால் வேகம் மாறிவிடும், மறுபடி எண்ண வேண்டும்.

இன்னொன்றையும் கவனித்தேன். அரை என்றால் எல்லா இடத்திலும் 0.5. வெறும் .5 ஒரு இடத்திலும் இல்லை. ஐந்து என்றால் 5 மட்டும். 5.0 கிடையவே கிடையாது. புள்ளி மங்கிப்போனால் .5 ஐந்தாகிவிடும், 5.0 ஐம்பதாகிவிடும், பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும். நான் வேலைக்குப் போன நாளிலிருந்து எதை எழுதினாலும் இரண்டு சைபர் போட்டுத்தான் எழுதுவேன். மளமளவென்று 100.00, 250.00 என்று போகும் என் தாள்களைப் பார்த்து அத்தை முகம் சுளிப்பார். "உன்கிட்ட மருந்து எழுதக் கொடுத்தா ஊரே காலி."

எண்களுக்கு நடுவே சில வரிகள்: '9 – இடது காது.' '14 – ஜன்னல்.' '3 – மகள், சனிக்கிழமை.' பெயர் ஒன்றுகூட இல்லை.

ஜூன் 5 – புதன், இரவு

தூக்கம் வரவில்லை. '9 – இடது காது' என்பது என்ன என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒன்பதாம் படுக்கைக்காரருக்கு இடது காதில்தான் கேட்கும், அந்தப் பக்கம் நின்று பேசு என்பதாக இருக்கலாம். டூட்டி மாறும்போது அடுத்து வருகிறவரிடம் சொல்வதற்காகக் குறித்திருப்பார். கேஸ் ஷீட்டில் இதற்குக் கட்டம் கிடையாது.

எனக்குக் காய்ச்சல் வந்த இரவுகள் நினைவுக்கு வந்தன. அத்தை வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். நெடுநேரம் பிடித்திருப்பார். பாசம் என்று நினைத்துக்கொண்டு தூங்கிப்போவேன். பத்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் கேட்டேன், நாடி பார்க்க அரை நிமிடம் போதுமே, அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவாயே, எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம் என்று. சிரித்தார். "நாடி அப்பவே முடிஞ்சிடும். அப்புறம் உன் மூச்சை எண்ணுவேன்."

மூச்சை எண்ணப் போகிறேன் என்று யாரிடமும் சொல்லக் கூடாதாம். சொன்ன உடனே மூச்சு மாறிவிடும், வேகமாகவோ மெதுவாகவோ. அதனால் நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, கண்ணை வாட்சிலும் நெஞ்சிலுமாக வைத்து முழு நிமிடம் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை சரி. அதற்கு மேலே ஏறினால், காய்ச்சலும் ரத்த அழுத்தமும் இன்னும் ஒழுங்காக இருந்தாலும், உள்ளே ஏதோ சரியில்லை. முதலில் காட்டிக்கொடுப்பது மூச்சுதான் என்பார்.

ஆக, அத்தனை வருஷமும் என்னை ஏமாற்றியிருக்கிறார். பாசம் என்று நான் நினைத்ததில் பாதி கணக்கு.

ஜூன் 9 – ஞாயிறு

இன்று அப்பாவைப் பற்றி எழுத வேண்டும். அத்தையின் வேலையை நான் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

1999-ல் அப்பாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று எல்லோரும் வாய்க்கு வந்த யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தை எதையும் காதில் வாங்காமல் சுவரில் ஒரு தாளை ஒட்டினார். கட்டம் போட்ட தாள். 6, 8, 10, 12 என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கட்டம். ஒவ்வொன்றிலும் 'வ', 'ம', 'இ' – வலது, மல்லாந்து, இடது. எதிரே நேரமும் திருப்பியவரின் முதலெழுத்தும் எழுத வேண்டும்.

"அண்ணனுக்கு இனிமே என்ன வரணும்ங்கறது நம்ம கையில இல்லை. முதுகு மட்டும் நம்ம கையில இருக்கு" என்றார்.

படுக்கைப் புண் எப்படி வருகிறது என்று அன்றுதான் எனக்குத் தெரியும். படுக்கைக்கும் எலும்புக்கும் நடுவே சதை நசுங்குகிறது. நசுங்கின இடத்துக்கு ரத்தம் போவதில்லை. நமக்கென்றால் தூக்கத்திலேயே உடம்பு புரண்டுவிடும். அப்பாவால் புரள முடியாது. பிட்டத்துக்கு மேலே, இடுப்பு எலும்பு, குதிகால், தோள்பட்டை, பின்மண்டை, இவைதான் ஆபத்தான இடங்கள். சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்வார். வெளுத்து, விட்டதும் மறுபடி சிவந்தால் பிழைத்தோம். அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் உள்ளே சேதம் ஆரம்பித்துவிட்டது. குதிகாலுக்கு அடியில் தலையணை வைத்தேன், திட்டினார். ஆடுசதைக்கு அடியில் வை, குதிகால் அந்தரத்தில் நிற்க வேண்டும் என்றார். போர்வையில் ஒரு சுருக்கம் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆளை இழுக்காதே, தூக்கி வை, இழுத்தால் தோல் அங்கேயே நிற்கும் எலும்பு மட்டும் நகரும் என்று ஆயிரம் முறை சொல்லியிருப்பார்.

விடிகாலை 4 மணிக் கட்டம் என்னுடையது. எனக்கு 21 வயது, தூக்கத்துக்குப் பேர்போன ஆள். அலாரம் வைத்து எழுந்து திருப்பிவிட்டு, நேரத்தையும் முதலெழுத்தையும் போட்டுவிட்டுப் படுப்பேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அத்தை சொல்வார், "பையன் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை." அந்தப் பெருமையில்தான் அந்த ஐந்து மாதமும் ஓடியது.

ஐந்தாம் மாதம் அப்பா நிமோனியாவில் போய்விட்டார். கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஒரு டாக்டர் அப்பாவை ஒருக்களித்துப் போட்டு முதுகைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை, முதுகு சுத்தமாக இருந்தது. புண் இருந்திருந்தால் அதன் நீளம், அகலம், ஆழம் எல்லாம் ஷீட்டில் ஏறியிருக்கும். டாக்டர் போன பிறகு அத்தையைப் பார்த்தேன். அவர் முகத்தில் இருந்ததை இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பரீட்சையில் தேறின பிள்ளை மாதிரி என்று எழுதலாம். அண்ணன் சாகக் கிடக்கிறார், ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-ல் எழுதின நர்ஸிங் குறிப்புகளில் ஒரு இடம் உண்டு. நோயாளிக்குப் படுக்கைப் புண் வந்தால் அது பெரும்பாலும் நோயின் குற்றம் அல்ல, பராமரிப்பின் குற்றம் என்கிறார். அத்தை இதை ஜூனியர்களுக்குச் சொல்லிச் சொல்லி அவர்களை அழவைத்திருப்பதாகக் கேள்வி.

வராத புண்ணை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஜூன் 12 – புதன்

நைட்டிங்கேல் என்று எழுதியதும் இதையும் எழுதிவிடுகிறேன். அந்த விளக்குப் படம் அத்தைக்குப் பிடிக்காது. மே 12, நைட்டிங்கேல் பிறந்த நாள், உலக செவிலியர் நாள். வருஷா வருஷம் அன்றைக்கு யாராவது விளக்கேந்திய பெண்மணி படம் போட்ட வாழ்த்து அட்டை கொடுப்பார்கள். "விளக்கை மட்டும் பிடிச்சுக்கிட்டாங்க, சாக்கடையை விட்டுட்டாங்க" என்பார்.

கதை இதுதான். 1854-ல் கிரிமியப் போரின்போது நைட்டிங்கேல் 38 பெண்களோடு ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்குப் போகிறார். அங்கே காயத்தால் செத்தவர்களைவிட காலரா, டைபஸ், வயிற்றுப்போக்கில் செத்த சிப்பாய்கள் பல மடங்கு. 1855 மார்ச்சில் ஒரு சுகாதாரக் குழு வந்து கட்டடத்துக்கு அடியில் அடைத்துக்கிடந்த சாக்கடையை வாரி, காற்று வர வழி செய்த பிறகுதான் சாவு சட்டென்று இறங்கியது. நைட்டிங்கேல் திரும்பி வந்து அந்தச் சாவுகளை மாதவாரியாக எண்ணி, வட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, வண்ணம் தீட்டி வரைபடமாகப் போட்டார். எண்ணிக்காட்டி அரசாங்கத்தை நகர்த்திய பெண்மணி அவர். தணிக்கைக்காரனான எனக்கு விளக்கைவிட இது பிடித்திருக்கிறது, சொல்லத்தானே வேண்டும்.

அத்தைக்கு மிகப் பிடித்த கதை வேறு. வியன்னா, 1847. ஒரே மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டு. ஒன்றை டாக்டர்களும் மாணவர்களும் பார்த்துக்கொண்டார்கள், இன்னொன்றை மருத்துவச்சிகள். டாக்டர்கள் வார்டில்தான் தாய்மார்கள் அதிகம் செத்தார்கள். பிணத்தை அறுத்துவிட்டு அதே கையோடு பிரசவம் பார்க்க வந்ததுதான் காரணம் என்று செம்மல்வைஸ் என்ற டாக்டர் கண்டுபிடித்தார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேர் செத்த வார்டில் ஜூலையில் இரண்டு பேர்கூட இல்லை. புதிதாக வரும் இளம் டாக்டர் யாராவது கை கழுவாமல் அடுத்த படுக்கைக்கு நகர்ந்தால், அத்தை சோப்பை நீட்டியபடி, "சார், வியன்னா கதை தெரியுமா?" என்று ஆரம்பிப்பாராம். இரண்டாவது தடவை யாரும் கேட்க நின்றதில்லையாம்.

ஜூன் 16 – ஞாயிறு

நல்லதாகவே எழுதிக்கொண்டு போனால் அது அத்தை இல்லை.

என் பள்ளிக்கூட விழா எதற்கும் அவர் வந்ததில்லை. வருகிறேன் என்பார், டூட்டி மாறிவிடும். வர வேண்டிய ஆள் வராவிட்டால் இவர்தான் இரண்டாவது ஷிப்டும் பார்ப்பார். நைட் டூட்டி வாரங்களில் வீடு பகலிலும் இரவு மாதிரி இருக்கும். அம்மா பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைக்கச் சொல்வார், ரேடியோ கிடையாது, நண்பர்கள் வரக் கூடாது. கதவு கிறீச்சிட்டதற்காக ஒரு முறை அத்தை எழுந்து வந்து என்னை அறைந்திருக்கிறார். அன்று இரவு வார்டில் இரண்டு பேர் இறந்திருந்தார்கள் என்று பிறகு அம்மா சொன்னார். இருந்தாலும் அறை அறைதான்.

காய்ச்சல் என்றால் உட்கார்ந்து பார்ப்பார், மற்ற எதற்கும் இரக்கம் கிடையாது. முழங்கால் சிராய்ப்போடு போனால், "கால் இருக்குல்ல?" என்பார். அம்மாவின் மனக்குறை இன்னும் ஆழம். "ஊருக்கெல்லாம் பொறுமையைக் கொடுத்துட்டு, மிச்சம்தான் வீட்டுக்கு வந்தது" என்றார் இன்று. கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது.

கால் நரம்பு புடைத்து, இடுப்பு வலி நிரந்தரமாகி, ஓய்வு பெற்ற பிறகும் விடிகாலை 3 மணிக்கு விழிப்பு. மூன்றிலிருந்து ஐந்து வரைதான் நைட் டூட்டியில் மோசமான நேரம் என்பார். உடம்புச் சூடு அப்போதுதான் இறங்கிக் கிடக்கும், நர்ஸுக்கும் சேர்த்துத்தான். அந்த நேரத்தில் செய்கிற கூட்டல் கழித்தலை நம்பாமல் இரண்டு முறை போட வேண்டும். அப்புறம் ஒரு மூடநம்பிக்கை: "இன்னிக்கு வார்டு அமைதியா இருக்கு" என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் பத்து நிமிடத்தில் ஸ்ட்ரெச்சர் வரும். செம்மல்வைஸ் கதை சொல்கிற அதே ஆள்தான் இதையும் நம்பினார்.

ஜூன் 17 – திங்கள்

ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. எழுத நேரமில்லை. இன்று முழுக்க எங்கும் 5.00 என்று எழுதவே கை கூசியது.

ஜூன் 22 – சனி

ஏழாம் வார்டு அம்மா மறுபடி போன் செய்தார். எழுதியாகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். பேச்சு நீண்டது.

மயக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு மதிப்பெண் முறை உண்டு. கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, ஆக 15. 1974-ல் கிளாஸ்கோவில் உருவாக்கியது, அத்தை படிப்பை முடித்த வருஷம். இதில் ஆகக் குறைந்த மதிப்பெண் 3, சைபர் இல்லை. "செத்தவனுக்கும் மூணு மார்க் உண்டு, நீ ஏன் பரீட்சைக்குப் பயப்படறே?" என்று பயிற்சிப் பெண்களைத் தேற்றுவாராம். சொல்லிவிட்டு அந்த அம்மா சிரித்தார். இதைக் கூட்டத்தில் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார்.

அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஒரு தப்பு நடந்தது, உங்களுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த சில வருஷங்களில் நடந்தது. இரவு மருந்து கொடுக்கும் நேரம். ஒரு பெரியவரிடம் போய், பெயரைச் சொல்லி, "நீங்கதானே?" என்று அத்தை கேட்டிருக்கிறார். பெரியவர் தலையாட்டியிருக்கிறார். மாத்திரை உள்ளே போய்விட்டது. அது அடுத்த படுக்கைக்காரரின் ரத்த அழுத்த மாத்திரை. பெரியவர் பாதித் தூக்கத்தில் எதற்கும் தலையாட்டுகிற நிலையில் இருந்திருக்கிறார். வேறு யாருக்கும் தெரியாது. அத்தை நேராகப் போய் டாக்டரை எழுப்பிச் சொன்னார், ரிப்போர்ட் புக்கில் தன் கையாலேயே எழுதினார், விடியும் வரை கால் மணிக்கு ஒரு தரம் பி.பி. பார்த்தபடி அந்தப் படுக்கை அருகிலேயே நின்றார். பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தைக்கு மெமோ கிடைத்தது.

"எழுதாம விட்டிருக்கலாம் தம்பி. நாங்கல்லாம் இருந்தா விட்டிருப்போமோ என்னவோ. பொய்யா ஒரு எழுத்து எழுத மாட்டாங்க உங்க அத்தை."

அதற்குப் பிறகு அவர் "நீங்கதானே இன்னார்?" என்று யாரையும் கேட்டதில்லை. "உங்க பேரு என்ன, சொல்லுங்க" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்குத் தலையாட்டி பதில் சொல்ல முடியாது. இப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. இந்த மார்ச்சில் அத்தையைச் சேர்த்திருந்தபோது ஒரு சின்னப் பெண், புது நர்ஸ், மருந்தோடு வந்து அத்தை பெயரைச் சொல்லி, "நீங்கதானே பாட்டி?" என்றாள். அத்தை அவளை நிதானமாகப் பார்த்து, "இல்லை" என்றார். பெண் அலறிப்போய் சார்ட்டைத் தேடி ஓடினாள். வலியிலும் குறும்பு என்று நினைத்து நான் சிரித்தேன்.

ஜூன் 25 – செவ்வாய், விடிகாலை

கட்டம் போட்ட தாள்கள் கிடைத்துவிட்டன. ஏழாவது நோட்டின் அட்டைக்குள் நான்காக மடித்து வைத்திருந்தார். அப்பாவின் ஐந்து மாதத்தில் 41 நாட்களின் தாள் மட்டும் இருக்கிறது. மற்றவை எங்கே போயின என்று தெரியவில்லை.

நான்கு மணிக் கட்டத்தில் எல்லா நாளும் என் முதலெழுத்து. பெருமையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பழக்க தோஷம், விரலை வைத்து வரி வரியாக இறங்கினேன். ஆறாவது நாளில் விரல் நின்றது. அதுவரை நேரம் 4.00 என்று இருந்தது. ஆறாவது நாளில் 4. வெறும் 4. ஏழாவது நாளும் 4. அப்புறம் 4.00. அப்புறம் மூன்று நாள் 4.

நான் எந்தக் காலத்திலும் வெறும் 4 என்று எழுதுகிறவன் இல்லை.

41-ல் 17. இரண்டு முறை எண்ணிவிட்டேன். அத்தைக்கு நைட் டூட்டி இருந்த வாரங்களில் எல்லாம் 4.00. அம்மாவைக் கேட்டேன். "நீ எங்கே எழுந்தே? நான்தான் உலுக்கி உலுக்கி எழுப்புவேன், அவ டூட்டிக்குப் போயிருக்கற அன்னிக்கு" என்றார். அத்தை வீட்டிலிருந்த இரவுகளில் அலாரம் அடித்து நின்றிருக்கும். மூன்று மணிக்கே விழித்திருப்பவர் எழுந்து போய் அண்ணனைத் தனியாகத் திருப்பிப் போட்டுவிட்டு, என் முதலெழுத்தைப் போட்டிருக்கிறார். என் எழுத்தைப் போலவே வளைத்து, கொஞ்சம் சாய்த்து. சைபரை மட்டும் கை போடவில்லை.

தொழிலில் இந்த மாதிரி ஒரு கையெழுத்தைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டுமோ அது எனக்கு நன்றாகத் தெரியும். சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி.

தாளை மடித்து நோட்டுக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

ஜூன் 28 – வெள்ளி

கடைசி நாட்களைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். நீட்ட மனமில்லை.

புற்றுநோய். கண்டுபிடித்தபோதே தாண்டிவிட்டது. வீட்டில்தான் இருப்பேன் என்றார். மார்ஃபின் என்ற வலி மருந்தை, வலி வந்து நான் கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது, மணி பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று என்னிடம் கறாராகச் சொன்னார். வலி வந்த பிறகு துரத்தினால் பிடிக்க முடியாது. இதை வலியுறுத்திச் சொன்னவர் சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாக ஆரம்பித்து, முதுகு வலியால் அந்த வேலையை விட்டு, சமூகப் பணியாளராகி, அப்புறம் டாக்டருக்குப் படித்து, 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற ஹாஸ்பிஸை, அதாவது கடைசி நாட்களில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தை, தொடங்கினார். இரண்டு ஆட்களின் பெயரைத்தான் அத்தை மரியாதையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒன்று இவர், இன்னொன்று செம்மல்வைஸ்.

சுவரில் மறுபடி தாள் ஒட்டினேன். இந்த முறை 4 மணிக் கட்டம் ஒன்றையும் விடவில்லை. எனக்கு 46 வயது, தூக்கம் தானாகவே வருவதில்லை. ஒரு நாள் திருப்பிப் படுக்க வைத்ததும் தன் இடுப்பைத் தானே தடவி, ஒரு இடத்தில் விரலால் அழுத்தி, "வெளுக்குதா பாரு" என்றார். வெளுத்தது. "சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மே 10 விடிகாலை, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணினேன். 8. அப்புறம் நீளமான இடைவெளிகள். அத்தை கண் திறக்கவில்லை. நான் எண்ணுகிறேன் என்று தெரிந்திருக்குமா என்று அப்போது தோன்றியது.

வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்த நர்ஸ் பெண்தான் உடம்பைத் துடைத்தாள். துடைக்கும்போது, "அம்மா, இப்ப இடது பக்கம் திருப்பறேன்" என்று சொல்லிவிட்டுத் திருப்பினாள். அத்தையும் இப்படித்தான் சொல்வாராம், ஏழாம் வார்டு அம்மா சொன்னார். செத்தவர்களிடமும்.

ஜூன் 30 – ஞாயிறு

கூட்டத்துக்குப் போய் வந்தோம். இருபது பேர் இருக்கும். எல்லோரும் வேகமாக நடந்தார்கள், முட்டி வலியோடும். பேசுகிறவர் நிறுத்தினால் நான்கு பேர் ஒரே நேரத்தில் தொடர்ந்தார்கள். ஒரு அம்மா, வார்டில் அத்தை போட்ட கட்டம் போட்ட தாளைத் தானும் வீட்டில் மாமியாருக்கு ஒட்டியதாகச் சொன்னார்.

என் முறை வந்தது. எழுதிக்கொண்டுபோன பக்கத்தில் பிறந்த வருஷம், சேர்ந்த வருஷம், ஓய்வு பெற்ற வருஷம், அப்பாவின் முதுகு, இவ்வளவுதான் இருந்தது. வாசித்தேன். முதுகைச் சொன்னபோது மட்டும் எல்லோரும் தலையாட்டினார்கள். நான்கு மணிக் கட்டத்தைப் பற்றிச் சொல்லவில்லை. 'பொய்யாக ஒரு எழுத்து எழுதாதவர்' என்று எனக்கு முன்னால் பேசியவர் சொல்லியிருந்தார். அது அப்படியே இருக்கட்டும்.

முடிந்து கிளம்பும்போது ஏழாம் வார்டு அம்மா வந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். "நல்லா வாசிச்சீங்க தம்பி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவின் உடம்பை விசாரித்தார், பிள்ளைகளை விசாரித்தார். கையை விடவில்லை. அவர் விரல்கள் மூன்றும் என் மணிக்கட்டின் உள்பக்கம் இருந்தன. நான் பதில் சொல்லிக்கொண்டே அவர் கண்ணைப் பார்த்தேன். அது என் தோளுக்கு மேலே சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. அப்புறம் மெல்ல என் சட்டை மேல் இறங்கியது.

நான் சாதாரணமாக மூச்சு விடப் பார்த்தேன். முடியவில்லை.